அண்ணன் பத்தியம் தவறவில்லை

ரத்தத்தின் வழி தொற்றிக் கல்லீரலைக் கெடுக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி-க்கு, அந்நாளைய மருந்தான இன்டர்பெரான் ஊசி போட்டும் கேட்காமல் போனவர்களைப் பற்றி எங்கள் கோத்தகிரிப் பக்கம் இன்னும் ஒரே பேச்சுதான்: "பத்தியம் இருந்திருக்க மாட்டார்." என் அண்ணனையும் அப்படித்தான் சொன்னார்கள். கூடவே இருந்து பார்த்தவள் நான்.

லாரி விபத்தில் அவருக்கு ரத்தம் ஏற்றியது 1990களில். தானமாக வரும் ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேடுவது இந்தியாவில் கட்டாயமானது 2001இல்தான். அவருக்கு இருந்தது முதல் வகை வைரஸ். 48 வாரச் சிகிச்சை. வாரம் ஒரு ஊசி, தினமும் ரிபாவிரின் என்ற மாத்திரை. ஊசி போட்ட இரவு இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டும். ரிபாவிரின் சிவப்பணுக்களைச் சிதைப்பதால், தேயிலைத் தோட்டத்து மேட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். ஓர் ஊசி தவறவில்லை, சொட்டு மது தொடவில்லை. 12ஆம் வாரம் பார்த்தால் வைரஸ் அளவு குறையவே இல்லை. நிறுத்திவிட்டார்கள். "ஒழுங்காகப் போட்டுக்கொண்டீர்களா?" என்று மருத்துவரும் கேட்டார். அண்ணன் தலைகுனிந்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

2009இல் அமெரிக்க, ஜப்பானிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த ஊசி கேட்குமா என்பதோடு தொடர்புள்ள ஒரே இடத்தைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்: 19ஆம் குரோமோசோமில் ஐஎல்28பி மரபணுவின் அருகே. அங்கே மரபுக் குறியீட்டில் தாய்வழி ஓர் எழுத்து, தந்தைவழி ஓர் எழுத்து. முதல் வகை வைரஸ் உள்ளவர்களில், இரண்டும் 'சி'யாக அமைந்தவர்கள் இரண்டும் 'டி'யாக அமைந்தவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு விகிதத்தில் குணமானார்கள். அண்ணனுக்கு அந்தச் சோதனை செய்யவில்லை. ஆனால் பிறக்கும்போதே எழுதப்பட்டது எது, மனிதன் செய்த தப்பு எது என்று பிரித்துப் பார்க்கவாவது அது கற்றுத் தந்தது.

ரிபாவிரின் தரும் சோகைகூட எல்லோருக்கும் ஒன்றல்ல. ஐடிபிஏ என்ற மரபணுவின் சில மாற்றங்கள் அதைத் தணிக்கின்றன. சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்கோ சிவப்பணு ஏற்கெனவே நொறுங்கக்கூடியது. இந்தியாவில் அந்த நோய்க்கூறு முதலில் பதிவானதே 1952இல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள நேர்வதால் ஹெபடைடிஸ் சி தொற்றும் அபாயமும் இந்த நோயாளிகளுக்கு அதிகம்.

வைரஸையே நேரடியாகத் தாக்கும் சோபோஸ்புவிர் வகை மாத்திரைகள் வந்தபின் அந்த எழுத்துக்கு அநேகமாக வேலையில்லை. பெரும்பாலோருக்கு 12 வாரம். நூற்றில் 95 பேருக்கு மேல் குணம். அண்ணனுக்கும் குணமானது. 2018 முதல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் தேசியத் திட்டத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். 2001க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஊசி கேட்கவில்லை என்று அன்று திருப்பி அனுப்பப்பட்டு, வெட்கத்தில் மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் முதலில் போக வேண்டும்.