சர்க்கரைப் புண்ணை வீட்டில் வைத்து ஆற்றிய அனுபவம்

நான் ஸ்டாஃப் நர்ஸ். வார்டில் எத்தனையோ பேருக்குக் கட்டு போட்டிருக்கிறேன். ஆனாலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், அப்பாவின் காலில் வந்த சர்க்கரைப் புண்ணைப் பார்த்துக்கொண்ட அந்த மாதங்கள் வேறு மாதிரி. என்ன மருந்து போடுகிறாய் என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். புண்ணை ஆற வைத்ததோ, காலை ஊன்றவிடாமல் பார்த்துக்கொண்டதும், கட்டைத் தொடும் கை சுத்தமாக இருந்ததும், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும்தான். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால், சரிவில் ஏறி இறங்கி மரம் மரமாக வெட்டி வர வேண்டும். வெட்டிவிட்ட செடியின் குச்சி ஒன்று செருப்பைத் துளைத்து, வலது காலில் பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் குத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. சிமெண்ட் தரையில் ஈரத் தடம் பதிவதை அம்மாதான் முதலில் பார்த்தார். நான் காலைத் தூக்கிப் பார்த்தால், சுற்றிலும் தடித்துப்போன தோல், நடுவில் குழி. "வலி ஒண்ணும் இல்லல்லா மக்ளே, பிறகென்ன?" என்றார். வலி இல்லாததுதான் ஆபத்து. நாள்பட்ட சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுத்துவிடும். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. அப்பாவுக்கு அந்த இழை பட்டதே தெரியவில்லை.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். போகவில்லை. பாதத்தில் நாடித்துடிப்பும் நன்றாக இருந்தது. ரத்த ஓட்டம் இருந்தால் பாதி நிம்மதி. அழுகிய சதையையும் தடித்த தோலையும் சர்ஜன் வெட்டி நீக்கிவிட்டு, தினமும் கட்டு மாற்றச் சொல்லி அனுப்பினார்.

வீட்டை வார்டு ஆக்க முடியாது. ஆனால் ஒரு மூலையை ஆக்கலாம். கட்டு மாற்றுவதற்கு முன் அந்த அறையைப் பெருக்கக் கூடாது, தூசி கிளம்பும். ஃபேனை நிறுத்திவிடுவேன். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. துணி காயாது, தரை ஈரம் போகாது. பலாப்பழக் காலமானால் ஈயும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஜன்னலுக்கு வலை அடித்தோம்.

சோப்பு போட்டுக் கை கழுவ 40 முதல் 60 வினாடி, தண்ணீரில்லாமல் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 வினாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நகக்கண், கட்டைவிரல், விரலிடுக்கு எல்லாம் சேர்த்துத்தான். கழுவி, கிளவுஸ் போட்டு, பழைய கட்டைப் பிரிப்பேன். ஒட்டியிருந்தால் இழுக்காமல் சலைன் எனும் சுத்தமான உப்பு நீரை ஊற்றி நனைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் புதிதாக வளர்ந்த சதையும் கூடவே வந்துவிடும். பிரித்த துணியை மடித்துப் போடுவதற்கு முன் நன்றாகப் பார்ப்பேன்: எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம், என்ன வாடை. அப்புறம் அந்த கிளவுஸைக் கழற்றிப் போட்டு, மறுபடி கை கழுவி, புதிய கிளவுஸ். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இதுதான். அழுக்குக் கட்டைப் பிரித்த அதே கையால் சுத்தமான காஸ் துணியைத் தொட்டால் அதுவரை செய்தது எல்லாம் வீண்.

20 மில்லி சிரிஞ்சில் சலைன் எடுத்துப் பீய்ச்சிக் கழுவுவேன். சலைன் பாட்டிலைத் திறந்தால் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. வாரம் ஒருமுறை காகித ஸ்கேலை அருகில் வைத்து நீளம், அகலம் அளந்து போட்டோ எடுப்பேன். கண்ணால் பார்த்து "குறைஞ்சிருக்கு" என்று சொல்வது போதாது. நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாவது சுருங்காவிட்டால், வேறு எங்கோ தடை இருக்கிறது என்று அர்த்தம். டாக்டரிடம் மறுபடி காட்டியே ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலோடு வந்தார். நுரை பொங்குவதைப் பார்த்தால் கிருமி சாகிற மாதிரித்தான் தெரியும். ஆனால் அது புதிதாக வளரும் செல்லையும் சேர்த்தே கொல்லும். பீட்டாடினைத் தினமும் குழிக்குள் ஊற்றுவதும் நல்லதல்ல. புண்ணைக் காற்றாடக் காயவிட வேண்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஈரப்பதம் உள்ள புண்ணில்தான் தோல் சீக்கிரம் மூடுகிறது என்று ஜார்ஜ் வின்டர் 1962-லேயே பன்றிகளின் தோலில் சோதித்துக் காட்டிவிட்டார். எங்கள் பக்கம் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான்மார்மீது மக்களுக்கு மரியாதை அதிகம், எனக்கும் உண்டு. அப்பாவுக்குத் தெரிந்த ஆசானிடம் தைலம் கேட்டபோது, "சுகர் புண்ணுக்கு நான் எண்ணெய் தரமாட்டேன், ஆஸ்பத்திரியிலயே பாருங்க" என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய உதவி.

இத்தனையிலும் கஷ்டமானது அப்பாவை உட்கார வைப்பதுதான். வெட்டுகிற இடத்தில் மழை படாமல் மரத்தில் பிளாஸ்டிக் கட்டாத தோட்டத்தில் மழைக்காலம் முழுக்க வெட்டு கிடையாது, அதுவரை பொறுத்திருந்தார். மழை விட்டதும் கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். "நாலு மரம் பார்த்துட்டு வாறேன் மக்ளே" என்பார். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரம் முழுக்க அந்த மேட்டில்தான் விழும், அன்றைக்கு வளர்ந்த சதை அன்றைக்கே நசுங்கும். முன்பாதத்தில் பாரம் விழாத ஒரு செருப்பை டாக்டர் தந்திருந்தார். அதை கழிப்பறைக்குப் போகும் நாலு அடிக்கும் போட வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைக்க வாரக்கணக்கில் ஆனது. கடைசியில் போட்டோதான் ஜெயித்தது. வீட்டோடு இருந்த வாரத்துப் படத்தையும் தோட்டத்துக்குப் போய்வந்த வாரத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கத்தியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அதற்கிடையில் ஒருநாள் காஸில் பச்சை நிறம், இனிப்பும் நாற்றமும் கலந்த வாடை. புண்ணைச் சுற்றிய சிவப்பு 2 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. காய்ச்சல் இல்லை, ஆனால் சர்க்கரை திடீரென்று ஏறியிருந்தது. அன்றே கூட்டிப்போனோம். அங்கே ஒரு படுக்கையில் போட்ட கிளவுஸோடு அடுத்த படுக்கைக்கு வந்தார் ஒரு நர்ஸ். மாற்றச் சொன்னேன், முகம் சுளித்துக்கொண்டே மாற்றினார். கிளவுஸ் போடுகிறவரைக் காப்பாற்றும். மாற்றாவிட்டால் கிருமியை அடுத்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு எடுக்கும்போதும் மேலே நிற்கும் சீழைத் தொட்டு எடுத்தால் தோலில் இருக்கும் கிருமியெல்லாம் சேர்ந்து வந்துவிடும். கழுவி, சுரண்டி, அடியில் இருக்கும் சதையிலிருந்து எடுக்க வேண்டும். டாக்டர் அப்படித்தான் எடுத்தார். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா என்று ரிசல்ட் வந்து, ஆன்டிபயாட்டிக்கை மாற்றியதும் வாடை அடங்கியது.

சாப்பாட்டிலும் ஒரு போராட்டம். மீன், முட்டை சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று சொந்தக்காரர்கள் பத்தியம் சொன்னார்கள். சதை வளரப் புரதம் வேண்டும். சாளை (மத்தி) மீன் குழம்பும் முட்டையும் தாராளமாகக் கொடுத்தோம், கூட வைக்கும் மரச்சீனிக் கிழங்கைத்தான் (மரவள்ளி) குறைத்தோம்.

கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீழ் பட்ட துணியை வாழை மூட்டில் போடுவதும் எரிப்பதும் எங்கள் ஊரில் சாதாரணம். நாயும் கோழியும் கிளறும். நான் தனிக் கவரில் கட்டி, வேலை செய்யும் இடத்தில் அனுமதி கேட்டு, அங்கு மருத்துவக் கழிவுக்கென்று உள்ள மஞ்சள் பையில் சேர்த்தேன்.

ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் ஊர்ந்து வந்து, ஒருவழியாக மூடிக்கொண்டது. ஆனால் மூடிய புண் திரும்ப வராது என்று யாரும் இருந்துவிடாதீர்கள். இப்படி ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள்ளேயே மறுபடி வருகிறது. அப்பா இப்போது எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுகிறார், போடுமுன் உள்ளே கைவிட்டுத் தட்டிப் பார்க்கிறார். இரவு படுக்குமுன் அம்மா டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துவிடுவார். இடது காலில் அதே இடத்தில் தோல் தடிக்க ஆரம்பித்திருக்கிறது. அப்பா தானே சீவிக்கொள்ளாமல் இருக்க பிளேடுகளை எடுத்து மறைத்துவிட்டேன், வரும் வாரம் டாக்டரிடம் காட்டிச் சீவ வேண்டும்.