மூன்று கணக்கெடுப்பிலும் சிக்காத மர வியாபாரி

ஓஸ்லோவில் கொலெட் தெரு வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். நார்வேயில் அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர் ஜேம்ஸ் கொலெட். 1655-ல் லண்டனில் பிறந்து, 1683-ல் இங்கே வந்து (அப்போது ஊர்ப் பெயர் கிறிஸ்தியானியா) மர ஏற்றுமதியில் பெரிய ஆளானவர். நானும் பிழைக்க வந்தவன்தானே, இந்த மனிதரின் பெயரைப் பழைய பதிவில் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். இரண்டு மாதம் போயிற்று.

முதல் தப்பு, மக்கள்தொகைக் கணக்கில் தேடியது. 1660-களில் எடுத்த கணக்கு அவர் வருவதற்கு முந்தையது. 1701 கணக்கு நாட்டுப்புறத்துக்கு மட்டும், இவரோ நகரவாசி. எல்லோரையும் பெயரோடு எழுதிய 1801 கணக்கு வருவதற்குள் அவர் இறந்து 74 வருடம் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் துழாவி முடித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. ஞானஸ்நானப் பதிவேட்டை வேறு ஒரு வாரம் புரட்டினேன். லண்டனில் பிறந்தவருக்கு இங்கே எப்படி இருக்கும்!

அப்புறம் ஒரு நாள் லீவு போட்டு ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்கேன் செய்ததற்கு மூலத்தைத் தர மாட்டோம். வீட்டிலேயே பாருங்கள்." சரி. நீங்களாவது கிளம்புமுன் டிஜிட்டல்ஆர்கிவெட் என்ற, நார்வேயின் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கும் இணையதளத்தில் தேடிவிடுங்கள், இலவசம்தான்.

மரம் ஏற்றுமதி செய்தவர் ஆயிற்றே என்று வீட்டில் சுங்கக் கணக்கைத் திறந்தால், கோதிக் என்னும் பழங்காலக் கூட்டெழுத்துக் கையெழுத்து. இ, என், யு மூன்று எழுத்தும் ஒரே கீறல். பலகையை டஜன் கணக்கில் எழுதுவார்கள் என்பது தெரியாமல், ஒரு கப்பலுக்கு இவ்வளவுதானா என்று வேறு குழம்பினேன். தேதியிலும் கவனம் தேவை: நார்வே 1700-ல் புது நாள்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. இடையில் லண்டன் தேதி 11 நாள் பின்தங்கியே இருக்கும்.

ஆனால் ஒரு நல்ல விஷயம். அந்தக் கால எழுத்தர்கள் வெளிநாட்டுப் பெயர் வந்தால் பெரும்பாலும் லத்தீன் எழுத்துக்கு, அதாவது இன்றைய ஆங்கில எழுத்து போன்ற வடிவத்துக்கு, மாறிவிடுவார்கள். அது தெரிந்ததும் வரிவரியாகப் படிப்பதை விட்டுவிட்டு, பக்கங்களை மேலோட்டமாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஓர் இரவு, பக்கம் முழுக்கப் புழு நெளிவது போன்ற கிறுக்கலுக்கு நடுவே, பளிச்சென்று 'கொலெட்'. மணி ஒன்றரை. மனைவியை எழுப்பிக் காட்டினேன், திட்டு வாங்கினேன்.

அடுத்து, இறந்தவர் சொத்தைப் பங்கிட்ட பதிவேடுகள். இந்தத் தடவை லீவு போடுவதாக இல்லை.