இரண்டு குழாய்களில் ஒரே எண்கள்

மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி ஒன்று உண்டு: வெவ்வேறு பெயர் ஒட்டிய இரண்டு குழாய்கள் அச்சுப் பிசகாமல் ஒரே முடிவைத் தருவது. மாதிரி மாறிவிட்டதா, ஒன்றின் துளி இன்னொன்றில் கலந்துவிட்டதா என்று தேடுவதிலேயே அன்றைய பொழுது போய்விடும். திமிங்கல ஆய்வாளர்களோ அதே காட்சிக்காகத்தான் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பார்த்த விலங்கே மறுபடி அகப்பட்டிருக்கிறது என்று அவர்களுக்கு அர்த்தம்.

அகப்படுவது ஒரு துணுக்குத் தோல்தான். குறுக்குவில்லிலிருந்து பாயும் அம்பின் நுனியில் உள்ளீடற்ற சிறிய எஃகுக் குழல் இருக்கும். அது தோலையும் அடியிலுள்ள கொழுப்பில் கொஞ்சத்தையும் கவ்விக்கொண்டு, பட்ட வேகத்தில் தெறித்து விழுந்து மிதக்கும். படகில் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முந்தைய தலைமுறையினர் அடையாளத்துக்காக எண் பொறித்த எஃகுக் குழாயைத் திமிங்கலத்தின் உடலுக்குள் சுட்டுச் செலுத்தினார்கள். அந்த எண்ணைத் திரும்பப் படிக்க வேண்டுமானால் விலங்கைக் கொன்று அறுக்க வேண்டும்! விலங்குக்கு விலங்கு மாறும் வால் அடிப்புறக் கோலத்தைப் படமெடுத்து ஒப்பிடும் முறை நல்லதுதான். ஆனால் குட்டிகள் வாலைத் தூக்கிக் காட்டுவது அரிது.

டி.என்.ஏ.யில் சில இடங்களில் ஒருசில எழுத்துகள் திக்கிப் பேசுவதுபோல் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது விலங்குக்கு விலங்கு மாறும். ஓரிடத்துக்குத் தாய் வழியில் ஓர் எண், தந்தை வழியில் ஓர் எண். ஆறு இடங்களுக்குப் பன்னிரண்டு. 1997-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, வட அட்லாண்டிக் கூன்முதுகுத் திமிங்கலங்களின் 3,060 தோல் மாதிரிகளை இந்த ஆறு இடங்களை மட்டும் வைத்தே அடையாளம் பிரித்தது. 692 முறை, முன்பே பதிவான விலங்கு மீண்டும் சிக்கியது. 10,000 கி.மீ. வரையிலான நகர்வுகள் தெரியவந்தன. இதில் ஒரே ஓர் எண்ணைத் தப்பாகப் படித்தாலும் ஒரு திமிங்கலம் இரண்டாகிவிடும். கடலில் இல்லாத விலங்கு கணக்கில் ஏறிவிடும். அந்தப் பட்டியலைச் சரிபார்த்தவர்களை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

குளிர்காலத்தில் இந்தத் திமிங்கலங்களில் பெரும்பாலானவை மேற்கிந்தியத் தீவுகளின் வெதுவெதுப்பான நீரில் ஒன்றாகக் கலந்து இணைகின்றன. கோடை வந்தால் மெய்ன் வளைகுடா, நியூஃபவுண்ட்லாந்து, மேற்கு கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என்று பெரும்பாலும் தத்தம் பழைய மேய்ச்சலிடத்துக்கே திரும்புகின்றன. முதல் கோடையில் தாயைத் தொடர்ந்து போன குட்டி, வளர்ந்த பிறகும் அங்கேயே போகிறது. செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும், தாய்வழி மட்டுமே வரும் டி.என்.ஏ. இடத்துக்கு இடம் வேறுபட்டு நிற்பது இதனால்தான்.

ஆகவே ஒரு பெருங்கடலுக்கு மொத்தமாக ஓர் எண்ணிக்கையைச் சொல்லி "போதுமான அளவு இருக்கிறது" என்று முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தென் அட்லாண்டிக்கிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவில் 1904-ல் திமிங்கல வேட்டை நிலையம் வந்தது. கரையோரம் மேய்ந்த கூன்முதுகுகள் சில ஆண்டுகளிலேயே அருகிவிட்டன. வேட்டை நின்ற பிறகும் பல பத்தாண்டுகள் அங்கே அவை அபூர்வமாகவே தென்பட்டன. வழி தெரிந்த தாய்கள் இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்ற விளக்கம் எனக்குச் சரியென்றே படுகிறது.

எண்கள் பயணத்தின் இரு முனைகளைத்தான் சொல்லும். மேய்ச்சலிடத்தையே நேரில் பார்க்காதபோது என்ன செய்வது? அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்துக்கு வரும் தெற்கத்திய ரைட் திமிங்கலங்களின் தோலில் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை) அளந்தார்கள். உண்ட இரையின் தடம் அதில் பதிந்திருக்கும். 2009-ல் வெளியான அந்த முடிவின்படி, ஒரே தாய்வழியைச் சேர்ந்தவற்றின் அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தன. இங்கும் மேய்ச்சலிடம் தாய்வழியாகவே கைமாறுகிறது என்பதற்கு அது அடையாளம். இரண்டு சோதனைகளுக்கும் அதே துணுக்குத் தோலே போதும். இன்னோர் அம்பு தேவையில்லை.