எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறதா?

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. காட்பாடியிலிருந்து தினமும் ரயில். உட்கார இடம் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் மொபைலில் ஸ்பானிஷ் பாடம். இடம் கிடைக்காத நாட்களே அதிகம் என்பதால் ஆறே மாதத்தில் அரைகுறை ஸ்பானிஷ் வந்துவிட்டது. அது மேனேஜர் காதுக்குப் போனதுதான் வினை.

எல்ச்சேயிலிருந்து பையரின், அதாவது எங்களிடம் ஷூ வாங்குகிற கம்பெனியின், டெக்னீஷியன் வந்தார். எல்ச்சே என்பது ஸ்பெயினில் ஷூவுக்குப் பேர்போன ஊர், அவர்களுடைய ஆம்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதிருக்கும், நரைத்த மீசை, அளந்து பேசுகிற மனிதர். "உனக்குத்தான் அவங்க பாஷை தெரியுமே, கூடவே இரு" என்று என்னைத் தள்ளிவிட்டுவிட்டார்கள்.

காலை முழுக்க 'ஓலா', 'கிராசியாஸ்' என்று இரண்டு வார்த்தையில் வண்டி ஓடியது. மதியம் பிரியாணி வந்தது. சீரகச் சம்பா, கூடவே கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி. முதல் வாய் வைத்தார். பிடித்ததா என்று கேட்க வேண்டாமா? அங்கேதான் இங்கிலீஷ் என் காலை வாரியது.

நான் படித்தது இங்கிலீஷ் வழி ஸ்பானிஷ். 'ஐ லைக்' என்றால் 'மே குஸ்தா' என்று மனப்பாடம் செய்திருந்தேன். அப்புறம், 'நான்' வினையை 'நீ' வினையாக்க வேண்டும் என்றால் கடைசியில் 'ஸ்' வர வேண்டும். பேசுகிறேன் 'ஆப்லோ', பேசுகிறாய் 'ஆப்லாஸ்'. ஆக 'ஐ லைக்' மே குஸ்தா என்றால் 'யூ லைக்'? கணக்கு சரிதானே. பிரியாணித் தட்டைக் காட்டி, வாயெல்லாம் பல்லாகக் கேட்டேன்: "மே குஸ்தாஸ்?"

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, "ஓம்ப்ரே, எசோ நோ லோ சே" என்றார். 'அடப்பா, அது எனக்குத் தெரியாதே' என்று அர்த்தம்.

நான் கேட்டது என்னவென்றால், 'எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறதா?' அதுவும் காதல் வகைப் பிடித்தல். அதுவும் அறுபது வயதுக்காரரை 'நீ' போட்டு.

மனிதர் பெரிய மனதுக்காரர். டிஷ்யூ பேப்பரில் எழுதியே காட்டினார். 'மே' என்றால் 'நான்' இல்லை, 'எனக்கு'. 'குஸ்தா' என்கிற வினைக்கு எழுவாய் பிரியாணி. நான் 'ஸ்' சேர்த்ததும் பிரியாணி இருந்த இடத்தில் அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டேன். மரியாதையாகக் கேட்பதென்றால் 'லே குஸ்தா?', அதாவது 'உங்களுக்குப் பிடிக்கிறதா?'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது நம்ம வாக்கியம் ஐயா! எங்கள் ஆயா தினமும் பத்து தடவை சொல்கிற 'எனக்குப் பிடிக்கல' இதுதானே. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கட்டிங் செக்‌ஷன் பாய் வீட்டில் உருது, 'முஜே பசந்த் ஹை' என்பார், அதுவும் எனக்குத்தான். அக்கவுண்ட்ஸில் இருக்கும் சித்தூர்க்காரர் தெலுங்கில் 'நாக்கு இஷ்டம்' என்பார், அதுவும் எனக்குத்தான். மேஜையில் இருந்த நாலு பாஷையும் ஒரே பக்கம். 'ஐ' என்று மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பது இங்கிலீஷ் மட்டும். பக்கத்து வீட்டுக்குப் போக லண்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அந்த 'ஐ'யை ஸ்பானிஷில் பெரும்பாலும் சொல்லக்கூடத் தேவையில்லை. வினை முடிவே ஆளைக் காட்டிவிடும், நம்ம தோன்றா எழுவாய் மாதிரி. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று கேலி கேட்டே வளர்ந்த வேலூர்க்காரனுக்கு எழுவாய் இல்லாத வாக்கியம் என்ன புதுசா? (சாமி இல்லாத கோயில் என்பதையும் சேர்ப்பார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981இலேயே உள்ளே வந்துவிட்டார், கேலிதான் இன்னும் வெளியே போகவில்லை.) இங்கிலீஷுக்கு மட்டும் ராஜா இல்லாமல் தூக்கம் வராது. வெயில் கொளுத்துவதற்குக்கூட 'இட் ஈஸ் ஹாட்'. யார் அந்த 'இட்'? எங்கள் ஊர் மே மாதத்தில் ஆள் கையில் சிக்கினால் இரண்டு கேள்வி கேட்கலாம்.

சரி, 'லே' கற்றுக்கொண்டேன் அல்லவா, அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுச் செருப்பு வாங்கியவன் வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு நடப்பது போல சாயங்காலம் வரை எல்லாவற்றுக்கும் 'லே' போட்டேன்.

பேஸ்டிங் செக்‌ஷனுக்குப் போனோம். ஷூவின் மேல்பாகமான அப்பரிலும் அடிப்பாகமான சோலிலும் சொல்யூஷன் என்கிற பசை தடவி, சூடு காட்டி, ஒட்டி, பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிற இடம். ஒரு பையன் கையில் சோலோடு நின்றிருந்தான். அந்தப் பக்கம் கையைக் காட்டி, 'இதை ஒட்டுகிறோம்' என்பதாக நினைத்து, "லே பெகாமோஸ்" என்றேன்.

அவர் முகம் மாறியது. பையனைப் பார்த்தார். "ஒய்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"அப்போதான் சார் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றேன், நானும் இங்கிலீஷில். "தினமும் காலையிலிருந்தே நடக்கும்."

'பெகார்' என்ற வினைக்கு ஒட்டுவது, அடிப்பது என்று இரண்டு பொருள். சோல் அவர்கள் பாஷையில் பெண்பால், அதனால் 'லா பெகாமோஸ்' என்றிருந்தால் 'இதை ஒட்டுகிறோம்'. 'லே' போட்டால், நாம் 'அவனுக்கு நாலு போடு' என்கிறோமே, அந்தக் கணக்கு. அதிலும் 'லே'வுக்கு ஆண், பெண், 'நீங்கள்' என்ற பேதமே கிடையாது. அடி அந்தப் பையனுக்கா, அவருக்கேவா என்பதுகூட வாக்கியத்தில் தெளிவில்லை. தொழிலாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பையர்கள் ஆடிட் வைத்துத் துருவித் துருவிக் கேட்கிற காலம் வேறு.

நல்லவேளை, சோலைப் பார்த்ததும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பிரஸ்ஸைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காரில் ஏறும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது கேன்டீனில் யார் டிபன் பாக்ஸ் திறந்தாலும் என் பக்கம் நீட்டி "மே குஸ்தாஸ்?" என்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. நேற்று ஸ்டேஷனில் அந்த பேஸ்டிங் பையன் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சார், என்னை தினமும் அடிக்கிறோம்னு வெள்ளைக்காரர்கிட்ட சொன்னீங்களாமே?"

"உன்னை இல்லப்பா, சோலைச் சொன்னேன்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "சோலையா? நம்ம செக்‌ஷன்ல அப்படி யாருமே இல்லையே சார்."