வீல்பரோவும் "ஹெமின் ஹெமினும்"

எங்கட மகனுக்கு ஒன்பது வயசு, ஓட்டிசம், கதை சரியான குறைவு. வெள்ளவத்தையில மூண்டாம் மாடி ஃப்ளாட், காலி வீதி ஹோர்ன் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு நிப்பான். முந்திப் போன பள்ளிக்கூடத்தில கதிரையில இருக்கிறானில்ல எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லுவினம், சரி அதை விடுவம்.

மூண்டு மாசமா சனிக்கிழமைகளில பிலியந்தலைப் பக்கம் தெரிஞ்ச ஆக்களின்ட தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். பெரிய பண்ணை எண்டு நினைக்காதேங்கோ, கொஞ்சம் வெண்டி, கீரை, பத்துப் பன்னிரண்டு கோழி, ரெண்டு ஆடு. முதல் நாள் செருப்பைக் கழட்டமாட்டன் எண்டு ஒரே அழுகை, கையில சேறு பட்டா அருவருப்பு, நான் வழக்கம்போல "ஒண்டுமில்ல, தொடு தொடு" எண்டு நெருக்க, தோட்டத்தைப் பாக்கிற சிங்கள அங்கிள் என்னைத்தான் தள்ளி நிக்கச் சொன்னார். அவன்ட கையில பூவாளியைக் குடுத்திட்டு "ஹெமின் ஹெமின்" எண்டார், மெதுவா எண்டு அர்த்தம், அவ்வளவுதான். மண்ணைத் தொட நாலு கிழமை எடுத்தது, அதுவும் கோழிக்குப் புழுப் பிடிக்கிறதுக்காக.

இப்ப அவன்ட வேலை எரு ஏத்தின வீல்பரோ, அந்த ஒத்தைச் சில்லுக் கைவண்டி, தள்ளுறது. அரை மணித்தியாலம் தள்ளினா திரும்பி வரேக்க வாகனத்துக்குள்ள சத்தமே இல்ல. தெரப்பிஸ்ட்டைக் கேட்டன், பாரம் தள்ளேக்க இழுக்கேக்க மூட்டுக்கும் தசைக்கும் அழுத்தம் கிடைக்குதாம், தன்ட உடம்பு எங்க இருக்கெண்டு மூளைக்குத் தெளிவாகுதாம், அதில கன பிள்ளையள் அமைதியாகிடுவினமாம். தெரப்பி ரூமிலயும் பாரம் தூக்க வைக்கிறவைதான், ஆனா அங்க ஏன் தூக்கோணும் எண்டு இவனுக்கு விளங்கேல்ல, ஸ்டிக்கர் காட்டித்தான் வேலை நடக்கும். இங்க எரு போய்ச் சேராட்டி பாத்தி வெறும் மண். அது அவனுக்குக் கண்ணால தெரியுது. ஸ்டிக்கர் ஒண்டும் கேக்கிறதில்ல.

நெதர்லாந்தில இப்பிடித் தோட்ட வேலையோட ஆக்களைப் பராமரிக்கிற பண்ணையள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல இருக்கு, கன இடத்தில சாதாரண விவசாயிகள்தான் நடத்துறவை. நாங்க இங்க அங்கிளோட சமாளிக்கிறம்.

பிள்ளையை இப்பிடித் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போற ஆக்கள் முதல்ல கிணத்தைப் பாருங்கோ. எங்கட பிள்ளையள் கனபேர் தண்ணியைக் கண்டா ஓடுற ஆக்கள், கட்டும் மூடியும் இல்லாத கிணறு எண்டா அந்தத் தோட்டமே வேண்டாம். ஆடு கோழி தொட்டா சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ, சேத்துக் கைக்கு சானிடைசர் சரிவராது. தோட்டம் கிடைக்காட்டி தலவத்துகொடயில தியசரு பார்க் எண்ட ஈரநிலப் பூங்கா இருக்கு, கிழமை நாளில சனம் குறைவு, கபரகொய்யா (தண்ணி உடும்பு) தாராளம். ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ராம்சர் உடன்படிக்கையில கொழும்பை 2018ல ஈரநில நகரமா அறிவிச்சதும் இப்பிடியான இடங்களாலதான்.

வீட்டில பல்கனியில யோகட் கப்புகளில பயறு போட்டம். அடியில ஓட்டை போடுங்கோ, தண்ணி தேங்கினா டெங்கு பாக்க வாற பிஎச்ஐயிட்ட (சுகாதாரப் பரிசோதகரிட்ட) ஏச்சு வாங்கோணும். முதல் தரம் இவன் ஊத்தின ஊத்தில எல்லாம் அழுகிப் போச்சு. ரெண்டாம் தரம் "ஹெமின், ஹெமின்" எண்டு தனக்குத்தானே சொல்லிச் சொல்லி ஊத்தினான். மூண்டாம் நாள் முளைச்சுது, கிண்டிப் பாத்து ரெண்டை முறிச்சும் போட்டான்.