தாவாக்கட்டை மேல சும்மா பழி போட்டுட்டோம்

கீழ்ப்பல்லு மேல்பல்லுக்கு முன்னாடி நிக்கிறத சரி பண்ண என் பையன், சின்னவன், முகத்துல மாட்டிட்டு இருந்த ஃபேஸ்மாஸ்க்குக்கு நேத்து விடுதலை குடுத்தாச்சு, மொத்தம் பத்து மாசம். இதப் பத்தி எழுதுன்னு அக்கா ரொம்ப நாளா நச்சரிச்சுட்டு இருந்தா, அவ பொண்ணுக்கும் லேசா இருக்குமோன்னு ஒரு சந்தேகம், சரி எழுதிடுவோம்.

மேல்பல்லு வெளிய நீட்டிட்டு இருந்தா எத்துப்பல்னு சொல்ல நம்மகிட்ட ஒரு வார்த்தை இருக்கு, கீழ்ப்பல்லு மேல்பல்லத் தாண்டி முன்னாடி வந்து நின்னா சட்டுனு சொல்ற மாதிரி பேரு கிடையாது, அண்டர்பைட்னு தான் எல்லாரும் சொல்றோம். கிண்டல் பண்ண மட்டும் பேருக்குப் பஞ்சமே இல்ல. ஸ்கூல்ல நான் தாவாக்கட்டை. வாய மூடினா மேல்வரிசை கீழ்வரிசைய லேசா மூடிட்டு நிக்கணும், டப்பா மேல மூடி உக்காருற மாதிரி. எனக்கு மூடி உள்ள போய் டப்பா வெளிய நின்னுச்சு. முன்பல்லால எதையும் நறுக்குனு கடிக்க முடியாது, பக்கவாட்டுல வச்சு பிய்ச்சு தான் தின்பேன். "வ" சொல்லும்போது எல்லாருக்கும் மேல்பல்லு கீழ் உதட்டத் தொடும், எனக்கு கீழ்ப்பல்லு மேல் உதட்டத் தொடும். இத ரொம்ப நாள் கழிச்சு கண்ணாடி முன்னாடி நின்னு "வாங்க வாங்க"ன்னு சொல்லிப் பாத்தப்போ தான் கண்டுபிடிச்சேன், அதுவரைக்கும் எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

எங்க வீட்ல இது பரம்பரை. தாத்தா, அப்பா, நான், இப்ப சின்னவன். "நம்ம குடும்பத்து முகவெட்டு"ன்னு அப்பா பெருமையா சொல்வாரு. முகவெட்டுக்குப் பேர்போன குடும்பம்னா ஐரோப்பாவுல ஹாப்ஸ்பர்க் ராஜ குடும்பம் தான், சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டு தாடை நீண்டுட்டே போச்சுன்னு சொல்வாங்க, ஸ்பெயின் ராஜா இரண்டாம் சார்லஸோட (1661–1700) ஓவியத்தப் பாத்தாலே தெரியும். 2019ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 10 முகத்தாடை சர்ஜன்கள உக்கார வச்சு இந்தக் குடும்பத்தோட 66 ஓவியங்களக் காட்டி மார்க் போடச் சொல்லியிருக்காங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அவங்க கீழ்த்தாடை நீளத்துக்கு மட்டும் மார்க் போடல, மேல்தாடை எவ்வளவு உள்ள போயிருக்குன்னும் தனியா போட்டிருக்காங்க.

ஏன் பிடிச்சதுன்னா என் கதையே அதான். இருபத்தி மூணு வயசு வரைக்கும் எனக்குக் கீழ்த்தாடை நீளம்னு நானும் நெனச்சேன், வீட்லயும் நெனச்சாங்க. அப்புறம் ஒரு ஆர்த்தோடான்டிஸ்ட் (பல்வரிசை, தாடை சரி பண்ற டாக்டர்) கிட்ட போனப்போ தலைய பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே எடுத்தாரு, செஃப்னு சொல்வாங்க. அதுல மண்டையோட்டு அடிப்பகுதிய வச்சு ரெண்டு தாடையும் எங்க நிக்குதுன்னு கோணம் அளப்பாங்க. மேல்தாடைக்கு சராசரி 82 டிகிரி, கீழ்த்தாடைக்கு 80, வித்தியாசம் ரெண்டு. எனக்கு மேல 77, கீழ 80. கீழ்த்தாடை சரியா இருக்க வேண்டிய எடத்துல தான் இருக்கு! மேல்தாடை தான் வளராம பின்னாடி நின்னுருச்சு. இத்தன வருஷம் பாவம் தாவாக்கட்டை மேல பழிய போட்டு திட்டிட்டு இருந்திருக்கோம்.

அதனால அண்டர்பைட்னு ஒரே பேரு சொன்னாலும் உள்ள பல கேஸ் இருக்கு. மேல்தாடை சின்னதா இருக்கலாம், கீழ்த்தாடை பெருசா இருக்கலாம், ரெண்டும் சேந்து இருக்கலாம், இல்ல எலும்பெல்லாம் சரியா இருந்து முன்பல்லு மட்டும் தப்பா சாஞ்சு மொளச்சிருக்கலாம். இன்னொன்னு கொஞ்சம் வேடிக்கையானது, வாய மூடும்போது முன்பல்லு ரெண்டும் நேருக்கு நேர் இடிக்கும், இடிச்சதும் கொழந்த தாடைய தானா முன்னாடி நகத்தி வசதியா வச்சுக்கும், பாக்குறதுக்கு அண்டர்பைட் மாதிரியே இருக்கும். சின்னவன டாக்டர் தலைய பின்னாடி சாச்சு, நாக்க அண்ணத்துல வச்சு மெதுவா மூடச் சொல்லிப் பாத்தது இதுக்கு தான். அவனுக்கு கொஞ்சம் நகத்தலும் இருந்துச்சு, மீதி எலும்பு, என்னோட ஜெராக்ஸ்.

அவனுக்கு அப்ப எட்டு வயசு. பால்பல்லு விழுந்து எல்லாம் மொளைக்கட்டும், அப்புறம் கிளிப் போட்டுக்கலாம்னு தான் சுத்தி இருக்குற எல்லாரும் சொன்னாங்க. மத்த பல்லு கோணலுக்கு அது சரியா இருக்கலாம், இதுக்கு ஆகாது. மேல்தாடைய முன்னாடி இழுக்கணும்னா எலும்புகளோட இணைப்பு இன்னும் கெட்டியாகாத வயசுல தான் நல்லா வரும், சுமாரா பத்து வயசுக்குள்ள. ஏழு வயசுல ஒரு தடவ ஆர்த்தோடான்டிஸ்ட் கிட்ட காட்டிடுங்கன்னு அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம் சொல்றதுக்கு இந்த மாதிரி கேஸும் ஒரு காரணம்.

முதல்ல அண்ணத்துல ஒரு எக்ஸ்பேண்டர் ஒட்டினாங்க, மேல்தாடைய அகலமா விரிக்கிற கருவி, நடுவுல குட்டி ஸ்க்ரூ, தினமும் ஒரு சாவி வச்சு நான் தான் திருப்பணும். ஒரு திருப்பு கால் மில்லிமீட்டர். முதல் நாள் எனக்கு கை நடுங்குச்சு, அவன் ஜாலியா வாயப் பொளந்துட்டு இருந்தான். ஒரு வாரத்துல மேல் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல பெரிய சந்து விழுந்துருச்சு, அய்யோ பல்ல கெடுத்துட்டேன்னு டாக்டருக்கு போன் பண்ணா அவர் சிரிக்கிறாரு, சந்து வந்தா தான் எலும்பு விரியுதுன்னு அர்த்தமாம், சொன்ன மாதிரியே கொஞ்ச நாள்ல தானா மூடிக்கிச்சு. (இத முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் மிஞ்சியிருக்கும்.)

அதுக்கப்புறம் தான் ஃபேஸ்மாஸ்க். நெத்தில ஒரு பேடு, மோவாய்ல ஒரு பேடு, நடுவுல கம்பி. வாய்க்குள்ள இருக்குற கொக்கிலேருந்து அந்தக் கம்பிக்கு ரப்பர் பேண்ட் மாட்டணும், அது மேல்தாடைய முன்னாடி இழுத்துட்டே இருக்கும். ஒரு நாளைக்கு 12 லேருந்து 14 மணி நேரம். ஸ்கூலுக்குப் போட வேணாம், ஆனா சாயங்காலம் வந்ததும் மாட்டினா காலைல தான் கழட்டணும். உண்மையான வைத்தியம் இந்த மணிக்கணக்கு தான், எவ்வளவு நல்ல டாக்டர்னாலும் டிராயர்ல கிடக்குற மாஸ்க் எதையும் இழுக்காது. முதல் மாசம் தூக்கத்துல கழட்டி கட்டிலுக்கு அடியில போட்டுடுவான். மோவாய்ல தோல் செவந்து போச்சு, பேடுக்கு அடியில மெல்லிசா காட்டன் துணி வச்சதும் அடங்குச்சு. விளையாடப் போற நேரத்துக்காக மட்டும் எங்களுக்குள்ள நடந்த பேச்சுவார்த்தைய எழுதினா அது தனி போஸ்ட் ஆயிடும்.

என் காலத்துல இது எதுவும் பண்ணல, அதனால எனக்கு வேற ரூட்டு. எலும்பு வளர்ந்து முடிஞ்சவங்களுக்கு ரெண்டு வழி தான். லேசான கேஸ்னா எலும்ப விட்டுட்டு பல்ல மட்டும் நகத்தி மறைக்கிறது, மேல் கடவாய்ப்பல்லேருந்து கீழ் கோரைப்பல்லுக்கு எலாஸ்டிக் போடுறது, சில பேருக்கு கீழ ரெண்டு பல்லு பிடுங்கறது, ரொம்ப லேசுன்னா கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் அலைனரே போதும். எனக்கு முதல்ல ஒருத்தர் இதையே சொல்லி கீழ்ப்பல்லு ரெண்ட எடுத்துடலாம்னாரு. இன்னொருத்தர் கிட்ட கேட்டது என் அதிர்ஷ்டம். எலும்புலயே வித்தியாசம் அதிகமா இருக்கும்போது இப்படி மறைக்கப் போயி, பின்னாடி ஆபரேஷன் வேணும்னு ஆச்சுன்னா பல்ல எல்லாம் மறுபடி எதிர்த்திசைல நகத்தணும், எடுத்த பல்லு திரும்ப வராது.

ஆபரேஷன் ரூட்ல யாரும் நமக்கு சரியா சொல்லாத ஒண்ணு, முதல் ஒரு வருஷம் முகம் இன்னும் மோசமா ஆகும். தாடை வித்தியாசத்த சமாளிக்க பல்லுங்க இத்தன வருஷமா தானாவே சாஞ்சு இருக்கும், கீழ்ப்பல்லு உள்பக்கம், மேல்பல்லு வெளிப்பக்கம். கிளிப் போட்டு அத நேரா நிமித்தும்போது மறைஞ்சிருந்த இடைவெளி முழுசா வெளிய வந்துரும். ஆபீஸ்ல "என்னங்க கிளிப் போட்டும் இன்னும் முன்னாடி வந்துட்டே இருக்கே"ன்னு ஒருத்தர் அக்கறையா கேட்டாரு. என்னத்த சொல்ல.

ஆபரேஷன்ல எனக்கு மேல்தாடைய மட்டும் அறுத்து 5 மில்லிமீட்டர் முன்னாடி கொண்டுவந்து டைட்டானியம் தகடு, ஸ்க்ரூ வச்சு பிடிச்சாங்க. வெட்டு வாய்க்குள்ளயே தான், வெளிய தழும்பு கிடையாது. ஒரு வாரம் முகம் பூசணிக்கா, பல வாரம் குடிச்சே வயித்த ரொப்பணும், மேல் உதடும் ஈறும் மரத்துப் போயி உணர்ச்சி வர மாசக்கணக்கா ஆச்சு. மூக்கு துளி அகலமாச்சு, அதையும் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. கட்டு தளந்து முதல் தடவ "வாங்க"ன்னு சொன்னப்போ பல்லு உதட்டுல பட்டுச்சு. அழுதுட்டேன், ஒத்துக்கிறேன்.

நெட்டுல நாக்க அண்ணத்துல அழுத்தி வச்சா தாடை மாறும், கையால மோவாயத் தள்ளுனா உள்ள போகும்னு வர்ற வீடியோவ எல்லாம் தயவுசெஞ்சு எனக்கு அனுப்பாதீங்க.

இப்ப சின்னவனுக்கு மேல்பல்லு முன்னாடி வந்து உக்காந்துருச்சு. ஆனா முடிஞ்சுதுன்னு சொல்ல முடியாது, மேல்தாடை சீக்கிரம் வளந்து நின்னுரும், கீழ்த்தாடை டீன் ஏஜ் முழுக்க வளரும், பசங்களுக்கு பதினெட்டு தாண்டியும் கூட. திரும்ப வர வாய்ப்பு இருக்கு, அப்படி வந்தா வளர்ச்சி நின்னுச்சான்னு செஃப் எடுத்து ஒப்பிட்டுப் பாத்துட்டு தான் ஆபரேஷன் பத்தி பேசுவோம்னு டாக்டர் முதல் நாளே முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அடுத்த செக்கப்புக்கு ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. மாஸ்க்க தூக்கிப் போட அவன் விடல, அத வச்சு ரோபோவுக்கு மூஞ்சி செய்யப் போறானாம், கட்டிலுக்கு அடியிலயே பத்திரமா இருக்கு.