கிணற்றுக்குள் கயிறு விட்ட பிறகு

சாக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். நடுவில் 45 அடிக் கிணறு, ஐயா காலத்தில் செம்புறாங்கல்லை உடைத்து வெட்டியது. உள்சுவரில் மேலிருந்து பத்தடிக்கு ஒரு கோடு செதுக்கியிருக்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது தை மாதத்தில் இரண்டாவது கோடு தண்ணீருக்குள் கிடக்கும். இப்போது மூன்றாவது கோடு சித்திரையிலேயே வெளியே வந்துவிடுகிறது. மோட்டார் போட்டால் நாற்பது நிமிடத்தில் காற்று இழுக்கும்.

பக்கத்துக் கொல்லைகளில் 300 அடி போர்வெல் ஓடுகிறது. நானும் போர் வண்டிக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். தடுத்தவர் மாமா. "ஆழம் போவது இருக்கட்டும் மாப்பிள்ளை. முதலில் ஒரு வருடம் அளந்து பார்" என்றார்.

நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு கல். மாதப் பிறப்பன்று விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன் இறக்குவேன். இரவெல்லாம் ஓய்ந்த கிணறுதான் உண்மை மட்டத்தைச் சொல்லும். இறைத்த கையோடு அளந்தால் கணக்கு பொய்த்துவிடும். கல் தண்ணீரைத் தொடும் 'தொளுக்' சத்தம் கேட்டதும் கயிற்றை விரலால் பிடித்துக்கொண்டு, முடிச்சுகளை எண்ணி நோட்டில் குறிக்க வேண்டும். மேலிருந்து தண்ணீர் வரை தையில் 27 அடி, வைகாசியில் 38. ஐப்பசி மழை பெய்தபோது கிணறு அவ்வளவாக அசையவில்லை. கண்மாயில் தண்ணீர் நின்ற பிறகுதான் மளமளவென்று ஏறியது. எங்கள் கிணற்றுக்குக் கண்மாய்தான் தாய் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து வெட்டினோம். கை முழுக்க முள்.

அடுத்தது சொட்டுநீர். ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு அரசு முழு மானியம் தருகிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், சிறு விவசாயி சான்று எல்லாம் வேண்டும். என்னை அலைக்கழித்தது பட்டா. அது இன்னும் ஐயா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று வாங்கிக் கொடுத்தேன், ஆதாரில் முதலெழுத்து வேறு என்று திருப்பி அனுப்பினார்கள். ஐந்து மாதம் போனது. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பட்டாவையும் ஆதாரையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள். அது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக நகரும். மண், நீர் பரிசோதனை செய்தார்கள், நிலத்தை அளந்தார்கள், குழாய் பதித்தார்கள், கடைசியில் வயலில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

இப்போது ஒன்றரை ஏக்கர் கத்தரியும் மிளகாயும் சொட்டுநீரில் நிற்கின்றன. மிச்சப்பட்ட தண்ணீரைக் கொண்டு இன்னும் ஒரு ஏக்கர் கூட்டலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. மிச்சம் பிடித்ததை வேறு பயிருக்கு இறைத்துவிட்டால் கிணற்றில் என்ன தங்கும்? போருக்கு வைத்திருந்த பணத்தில் பாதியை வரத்துக்கால் வேலைக்குக் கொடுத்தேன். சென்ற மழை நன்றாகவே பெய்தது, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வைகாசிப் பிறப்பன்று கயிறு நனைந்தது 34-ஆவது முடிச்சில்.